தந்தி முதல் கைபேசி வரை: நாம் பழகிக்கொண்ட கதை



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவிலிருந்து கேட்டார்கள். "அண்ணே, நீங்க ஹிஸ்டரி படிச்சவரு. ராஜராஜன், கிருஷ்ணதேவராயர்னு போகாம, இப்ப இருக்கிற பசங்களும் படிக்கிற மாதிரி ஏதாச்சும் எழுதுங்க" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். நம் தலைமுறையின் அன்றாட வாழ்க்கையை ராஜாக்களைவிட அதிகமாக மாற்றியது எது? ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்ளும் முறைதான். அது என் ஆயுசுக்குள்ளேயே நாலைந்து தடவை தலைகீழாக மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நம் ஜனங்கள் எப்படிப் பழகிக்கொண்டார்கள், அதில் எதைப் பெற்றார்கள், எதைத் தொலைத்தார்கள் என்பதும் சரித்திரம்தானே? அதையே எழுதுகிறேன்.

விடுதிக்கு வந்த தந்தி

1979-ஆம் வருஷம். நான் இரண்டாம் ஆண்டு மாணவன். ராத்திரி எட்டு மணி இருக்கும். விடுதி மெஸ்ஸில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வாசலில் சைக்கிள் மணிச் சத்தம். காக்கிச் சட்டை போட்ட தந்திச் சேவகர் உள்ளே வந்தார். அவ்வளவு நேரம் சந்தைக்கடையாக இருந்த மெஸ் சட்டென்று அடங்கிப் போனது. ஒவ்வொருத்தன் முகத்திலும் ஒரே கேள்வி: "யாருக்கு?"

என் அறைத்தோழனுக்கு. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து படித்தவன். வார்டன் பிரித்துப் படித்தார். "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி." நாலே வார்த்தை.

அந்தக் காலத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தந்தியில் 'சீரியஸ்' என்று வந்தால், பெரும்பாலும் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வெளியூரில் தனியாக இருக்கும் பிள்ளை அதிர்ச்சியில் விழுந்துவிடக் கூடாது, ஆனால் உடனே புறப்பட்டு வரவும் வேண்டும். அதற்காக ஊர் ஜனங்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்ட மறைமொழி அது. எந்தத் தந்தி இலாகா புத்தகத்திலும் அது கிடையாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

மெஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. ஒருத்தன் அவன் பெட்டியைக் கட்டினான். ஒருத்தன் தன் பையிலிருந்த பணத்தை எண்ணாமல் கொடுத்தான். வார்டன் தன் பணத்திலிருந்து பஸ் செலவுக்குத் தந்தார். நானும் இன்னொருவனும் அவனோடு மதுரை பஸ்ஸில் ஏறினோம். வழி நெடுக யாரும் எதுவும் பேசவில்லை. விடியற்காலையில் ஊர் எல்லையில் இறங்கினோம். தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டபோதுதான் அவன் உட்கார்ந்து அழுதான்.

கம்பி கொண்டுவந்தது நாலு வார்த்தை. மிச்சத்தை மனுஷர்கள் சுமந்தார்கள். இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவில் மறுபடி இதற்கு வருகிறேன்.

கம்பி வந்த கதை

இந்தியாவில் தந்தியைக் கொண்டுவந்தவர் ஒரு டாக்டர் என்றால் ஆச்சரியமாக இருக்கும். வில்லியம் ஓஷாகனெசி என்ற அயர்லாந்துக்காரர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர். 1839-லேயே கல்கத்தாவில் கம்பி கட்டி மின்சாரத்தால் சேதி அனுப்பிப் பார்த்தார். கம்பெனி சர்க்கார் அப்போது கண்டுகொள்ளவில்லை. டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்த பிறகுதான் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையில் முதல் தந்திப் பாதை போடப்பட்டது. கப்பல் வருகிற சேதி முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. பிறகு வேலை மளமளவென்று நடந்தது. 1856 வாக்கில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை என்று சுமார் 4000 மைல் கம்பி ஓடியது. 1855-லேயே பொதுமக்களும் காசு கொடுத்துத் தந்தி அடிக்கலாம் என்றாகிவிட்டது.

அடுத்து வந்தது 1857. மே 11-ஆம் தேதி டெல்லி தந்தி ஆபீஸிலிருந்து அம்பாலாவுக்குப் போன எச்சரிக்கை, வெள்ளைக்காரப் படைகளை உஷார்படுத்தியது. கிளர்ச்சிக்காரர்களும் விஷயம் புரிந்தவர்கள்தான். போகிற இடமெல்லாம் கம்பியை அறுத்தார்கள். ஆக, நம் நாட்டில் புதிய தகவல் கருவி முதலில் ஆட்சியின் ஆயுதமாகத்தான் வந்தது. ஜனங்கள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டது பிற்பாடு.

எப்படி ஆக்கிக்கொண்டார்கள் என்று பாருங்கள். தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு. விலாசத்துக்கும் காசு. உடனே வியாபாரிகள் ஒரே வார்த்தையில் தந்தி விலாசம் பதிவு செய்துகொண்டார்கள். பழைய கடைகளின் லெட்டர்பேடில் 'தந்தி விலாசம்' என்று ஒரு சொல் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்யாணம், பண்டிகை வாழ்த்துக்கு இலாகாவே ரெடிமேட் வாசகங்கள் வைத்து ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுத்திருந்தது. நம்பரைச் சொன்னால் வாழ்த்து போய்ச் சேரும். பம்பாயிலோ இன்னும் ஒரு படி மேலே. நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை தந்தி வழியாக வந்து சேர, அந்த எண்களை வைத்தே சூதாட ஆரம்பித்துவிட்டார்கள். பிற்காலத்து 'மட்கா'வின் மூலம் அதுதான். கருவியைச் செய்தவன் ஒன்று நினைப்பான். கையில் வாங்கியவன் வேறொன்றுக்குப் பயன்படுத்துவான். இது அன்றிலிருந்து இன்றுவரை மாறாத விதி.

நம் கிராமங்களில் தந்தி என்றாலே குலைநடுக்கம். நல்ல சேதிக்கு யார் அவ்வளவு செலவு செய்வார்கள்? அதுவும் இங்கிலீஷில் வரும். வாத்தியாரையோ தபால்காரரையோதான் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டும். வேலைக்கு ஆர்டர் வந்த தந்தியைப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்னாலேயே ஒப்பாரி வைத்த வீடுகள் உண்டு என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் ஒன்று. எப்பேர்ப்பட்ட சேதியாக இருந்தாலும், அதைச் சொல்ல ஒரு மனுஷன் எதிரே நின்றான். 'தண்ணி குடிங்கம்மா, உக்காருங்க' என்று சொல்லிவிட்டுத்தான் படித்தான்.

2013 ஜூலை 14-ஆம் தேதி ராத்திரியோடு இந்தியாவில் தந்தி சேவை முடிந்தது. கடைசி நாளில் பல ஊர்த் தந்தி ஆபீஸ்களில் கூட்டம் அலைமோதியது. தங்களுக்குத் தாங்களே தந்தி அடித்துக்கொண்டவர்களும் உண்டு. இருந்தவரை பயந்த ஒன்றைப் போகும்போது ஞாபகார்த்தமாக வாங்கி வைத்துக்கொண்டோம்!

மஞ்சள் தடவிய கார்டு

தந்தி அவசரத்துக்கு, அன்றாடத்துக்குத் தபால். 1854-ல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரித் தபால் கட்டணமும் தபால்தலையும் வந்தன. 1879-ல் காலணா விலையில் தபால் கார்டு வந்தது. 1880-ல் மணியார்டர் வந்தது. 1950-ல் இன்லண்ட் லெட்டர்.

கார்டில் ஒரு சங்கடம். எல்லோரும் படிக்கலாம். இதற்கும் நம்மவர்கள் பழகிக்கொண்டார்கள். நல்ல சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது, துக்கச் சேதி என்றால் ஓரத்தில் கறுப்பு மை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட கார்டைக் கையில் வாங்கியதுமே விஷயத்தைத் தெரிந்துகொள்வாள். சாவுச் சேதி வந்த கார்டை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். படித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும். வெள்ளைக்காரன் கொண்டுவந்த காகிதத்துக்கு நம் ஊர் சாஸ்திரத்தைச் சேர்த்துவிட்டார்கள் பாருங்கள்.

மணியார்டர் பாரத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் இருக்கும். விடுதியில் இருந்த நம்மில் எத்தனை பேர் அப்பாவின் கையெழுத்தை அந்த நாலு வரியில் மட்டும் பார்த்திருக்கிறோம்! "பணத்தை வீணாக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்." அதற்குள்ளே எல்லாம் அடக்கம்.

'பி.பி.' நம்பர்

டெலிபோன் நம் நாட்டுக்கு வந்தது சீக்கிரம்தான். 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னையில் எக்ஸ்சேஞ்சுகள் தொடங்கிவிட்டன. கல்கத்தா எக்ஸ்சேஞ்சில் ஆரம்பத்தில் 93 சந்தாதாரர்கள். வந்தது சீக்கிரம், பரவியதுதான் ஆமை வேகம். சுதந்திரம் கிடைத்தபோது நாடு முழுவதும் எண்பதாயிரத்துச் சொச்சம் போன்கள். 1991-ல் ஏறத்தாழ 85 கோடி ஜனங்களுக்குச் சுமார் 50 லட்சம். அதாவது நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. போனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது சர்வசாதாரணம். முன்பணம் கட்டினால் சற்று முன்னதாகக் கிடைக்கும் என்று ஒரு திட்டமே இருந்தது.

வெளியூருக்குப் பேச டிரங்க் கால். எக்ஸ்சேஞ்சில் நம்பரைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. அவசரம் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேசுவேன் என்று கேட்பது பி.பி. கால். நம் ஜனங்கள் இந்த 'பி.பி.'யை எடுத்து வேறு அர்த்தம் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு போன் நம்பரைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்து, பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொண்டார்கள்! கல்யாணப் பத்திரிகையில்கூட வரும்.

ஒரு தெருவுக்கு ஒரு போன். "ஏ குமாரு, எதுத்த வீட்டு டீச்சரைக் கூட்டிட்டு வா, மெட்ராஸ்லேருந்து போனு" என்று பையன் ஓடுவான். டீச்சர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வருவார். பேசுவது அந்த வீட்டு ஹாலில். கேட்பது அந்தக் குடும்பம் முழுக்க. ரகசியம் என்பதே கிடையாது. தீபாவளிக்கு அந்த வீட்டுக்கு முதல் தட்டு பலகாரம் போய்விடும். அது போனுக்குக் கட்டிய வாடகை. இதில் தொந்தரவும் இருந்தது, முகச்சுளிப்பும் இருந்தது. ஆனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெருவுக்குத் தெரிந்திருந்தது. கஷ்டகாலத்தில் அந்தத் தெரிதல்தான் கதவைத் தட்டியது.

மஞ்சள் போர்டு

எண்பதுகளில் காற்று மாறியது. நேராக நம்பரைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில் தொடங்கியதுதான். ஆனால் சின்ன ஊர்களுக்கு அது வரவில்லை. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் ஏ.சி. அறையில் வைத்துப் பூஜை செய்ய வேண்டியவை. நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் தாங்குகிற மாதிரி நாமே செய்வோம் என்று 1984-ல் தொடங்கப்பட்டது சி-டாட் என்ற நிறுவனம். அதன் முக்கிய கர்த்தா சாம் பிட்ரோடா. அவர்கள் செய்த 128 இணைப்புகள் கொண்ட கிராம எக்ஸ்சேஞ்ச், ஏ.சி. இல்லாமலே ஓடியது. 1986-ல் கர்நாடகத்தில் கிட்டூரில் முதலில் நிறுவினார்கள்.

அதன் பின்னால் வந்தது எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. என்று எழுதிய மஞ்சள் போர்டு. வீட்டுக்கு வீடு போன் கொடுக்க முடியாவிட்டால் என்ன, தெருவுக்குத் தெரு ஒரு பூத் கொடுத்தால் எல்லோரும் பேசலாமே என்ற எளிய யோசனை. கண்ணாடி அறை, உள்ளே ஒரு போன், வெளியே சிவப்பு எழுத்தில் காசு ஓடும் மீட்டர், பேசி முடித்ததும் 'கிர்ர்' என்று பில். உடல் ஊனமுற்றவர்கள், விதவைகள், முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை கொடுத்து பூத் அனுமதித்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு மீட்டர், கமிஷனில் ஒரு குடும்பம் பிழைத்தது.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம். அப்போது விடுதியில் இருந்த நம் தம்பிமார்கள் தூக்கக் கலக்கத்தோடு க்யூவில் நின்றதை மறந்திருக்க மாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருப்பவன் முகத்தைப் பார்த்தே, வீட்டுக்குப் பேசுகிறானா வேறெங்காவது பேசுகிறானா என்று சொல்லிவிடலாம்! மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியதால் எல்லோருக்கும் சுருக்கமாகப் பேசும் கலை வந்தது. "நல்லா இருக்கேன், பணம் அனுப்புங்க, வைக்கிறேன்."

பூத்காரர் வெறும் கடைக்காரர் அல்ல. நம்பர் போடத் தெரியாத ஆத்தாவுக்கு நம்பர் போட்டுக் கொடுப்பார். துபாயிலிருந்து மகன் எந்தக் கிழமை பேசுவான் என்று அவருக்குத் தெரியும். சில்லறை இல்லையென்றால் "நாளைக்குக் குடுங்க" என்பார். தந்திச் சேவகருக்கும் தபால்காரருக்கும் அடுத்தபடியாக, புதிய கருவிக்கும் பழைய மனுஷருக்கும் நடுவில் நின்றவர் அவர்தான்.

மிஸ்டு கால் என்ற பாஷை

1995 ஜூலை 31-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதிபாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் செல்போனில் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அடுத்த பதினைந்தாவது நாள், ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. இரண்டு பெரிய வெள்ளமும் இரண்டு வாரத்துக்குள் மடை திறந்தன. அன்றைக்கு நமக்குத் தெரியவில்லை. இடையில் பேஜர் என்று ஒன்று இடுப்பில் தொங்கி, நாலைந்து வருஷத்தில் காணாமல் போனது.

ஆரம்பத்தில் செல்போன் பணக்காரர் சமாசாரம். பேசினாலும் காசு, வந்த போனை எடுத்தாலும் காசு. 2003-ல் வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. அதே வருஷம் 501 ரூபாய் கட்டினால் போன் என்ற விளம்பரமும் வந்தது. அதிலிருந்து மேஸ்திரி, பூக்காரம்மா, ஆட்டோக்காரர் எல்லோர் கையிலும் செல்.

இங்கேயும் நம் ஜனங்களின் சாமர்த்தியம் பாருங்கள். எடுக்காத அழைப்புக்குக் காசு இல்லை. உடனே அதையே பாஷையாக்கிவிட்டார்கள். "பஸ் ஏறினதும் ஒரு மிஸ்டு கால், இறங்கினதும் ரெண்டு." காலணா செலவில்லாமல் சேதி போய்ச் சேர்ந்துவிடும். அன்று மஞ்சள் தடவிய கார்டு, இன்று மிஸ்டு கால். புத்தி ஒன்றேதான்.

இதனால் பிழைப்பு உயர்ந்ததா? உயர்ந்தது. வட கேரளக் கடற்கரையில் 1997-லிருந்து 2001-க்குள் செல்போன் பரவியது. கடலிலிருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு மத்தி மீன் பிடிப்பவர்கள் படகைத் திருப்பினார்கள். முன்பெல்லாம் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள். சில மைல் தள்ளி வேறொரு கரையில் மீன் இல்லாமல் வியாபாரிகள் திரும்புவார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து 2007-ல் எழுதினார். மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, மீன் விலை 4 சதவீதம் குறைந்தது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. விற்றவனுக்கும் லாபம், வாங்கியவனுக்கும் லாபம்.

நல்லவாடு சொன்ன பாடம்

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒரு சின்ன சம்பவம். 2004 டிசம்பர் 26. சுனாமி. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். டி.வி.யில் சேதியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் செய்தார். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு ஒரு தகவல் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. மீன் விலை, காற்று, அலை நிலவரம் சொல்வதற்காக வைத்தது. ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள். "ஓடுங்க, கடல் வருது!" மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் உயிர் தப்பினார்கள்.

அன்றைக்குக் கடற்கரை நெடுக எத்தனையோ ஊர்களில் போன் இருந்தது, டி.வி. இருந்தது. நல்லவாட்டில் கூடுதலாக என்ன இருந்தது? வந்த சேதியை ஊர் முழுவதற்கும் கொண்டுபோகும் ஒரு ஏற்பாடு. 'இதை எல்லாருக்கும் சொல்லணும்' என்று ஓடிய மனுஷர்கள். கருவி ஒரு பாதி, மனுஷர் மறுபாதி.

நடுவில் நின்றவர் போன பிறகு

இன்று நம் நாட்டில் 110 கோடிக்கு மேல் செல்போன் இணைப்புகள். 2016-ல் யு.பி.ஐ. வந்தது, மலிவான டேட்டாவும் வந்தது. கீரைக்காரம்மா கடையிலும் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். நானே பஸ்ஸில் போகும்போது பேத்தி முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன்.

ஆனால் கவனித்தீர்களா? ஒவ்வொரு கருவியும் வந்தபோது, அதைப் பழக்கிக் கொடுக்க ஒருவர் நடுவில் இருந்தார். தந்திக்குச் சேவகர், கார்டுக்குத் தபால்காரர், டிரங்க் காலுக்கு ஆபரேட்டர், எஸ்.டி.டி.க்கு பூத்காரர். இப்போது கருவி நேராகக் கைக்கு வந்துவிட்டது. நடுவில் யாரும் இல்லை. சௌகரியம்தான். ஆனால் எழுபது வயது அம்மா தனியாக வீட்டில் இருக்கிறார். "போலீஸ் பேசுறோம், உங்க பேர்ல கேஸ் இருக்கு, வீடியோவை அணைக்காதீங்க" என்று ஒருவன் மிரட்டுகிறான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற இந்த மோசடியில் படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள்கூடச் சேமிப்பைத் தொலைத்தார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்கும் அளவுக்குப் போனது. எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு அரெஸ்ட் கிடையாது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஹாலில் நின்று பேசியிருந்தால், "யாருங்க அது, போனை இப்படிக் குடுங்க" என்று கேட்க ஒரு ஆள் இருந்திருப்பார். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதாவது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கட்டும்.

2021-ல் தடுப்பூசிக்குச் செல்போனில் பதிவு செய்த நாட்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை கல்லூரிப் பிள்ளைகள் தெருவில் இருந்த பெரியவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தார்கள்! அன்றைக்கு அவர்கள்தான் தந்திச் சேவகர்கள்.

என் தவறு ஒன்று

ஊருக்கு உபதேசம் செய்கிற நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் செட்டுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. காலை வணக்கம், பூப்படம், அரசியல், ஜோக், வைத்தியக் குறிப்பு என்று ஒரு நாளைக்கு நூறு வரும். நான் பாதியைப் பார்ப்பதில்லை. போன வருஷம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அதில் ஒரு வரி வந்திருக்கிறது. அதற்குக் கீழே வழக்கம்போல ஐம்பது படங்கள். மூன்றாம் நாள் எதையோ தேடும்போதுதான் அந்த வரியைப் பார்த்தேன். என் அறைத்தோழன் இறந்துவிட்டான். அருப்புக்கோட்டைக்காரன். 1979-ல் எவனோடு ராத்திரி பஸ்ஸில் போனேனோ, அவன்தான். காரியமெல்லாம் முடிந்திருந்தது.

1979-ல் சேதி சைக்கிளில் வந்தது; நாங்கள் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். இப்போது சேதி ஒரே நொடியில் வந்து என் சட்டைப் பையிலேயே மூன்று நாள் இருந்தது. குற்றம் கருவி மேல் இல்லை. சேதியை அனுப்பிவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அனுப்புவது வேறு, சொல்வது வேறு.

அதன் பிறகு எங்கள் செட்டில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். சாவு, பெரிய நோய், ஆஸ்பத்திரி என்றால் குரூப்பில் போடுவதோடு நிறுத்தக் கூடாது. ஆளுக்கு ஐந்து பேர் என்று பிரித்துக்கொண்டு, அந்த ஐந்து பேருக்கும் குரலில் பேசிச் சொல்லிவிட வேண்டும். செல் எடுக்காதவர்களுக்காக வீட்டில் இன்னொருவர் நம்பரும் வைத்திருக்கிறோம். விளையாட்டாக இதற்குத் 'தந்திச் சேவகர் முறை' என்று பெயர் வைத்தோம். மற்ற செட் நண்பர்களும் செய்து பாருங்கள். ஒன்றும் பெரிய கஷ்டமில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் காலத்தில் இன்னும் என்னென்னவோ வரும். செயற்கை நுண்ணறிவு உங்கள் அம்மாவின் குரலிலேயே பேசும் காலம் வந்தேவிட்டது. நீங்கள் ஒரு மணி நேரத்தில் பழகிக்கொள்வீர்கள். பழகியதும் நின்றுவிடாமல், வீட்டில் இருக்கும் ஆத்தாவுக்கும் தாத்தாவுக்கும் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். "இதுகூடத் தெரியாதா" என்று கேட்காதீர்கள். பூத்காரர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

பழைய மாணவர்களுக்கும் ஒன்று. "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று பிள்ளைகளைக் கரித்துக்கொட்ட வேண்டாம். அந்தக் காலத்தில் நம் அப்பாமார்கள், "போன்ல அரட்டை, கடுதாசி எழுத வணங்கலை" என்று நம்மைத் திட்டியவர்கள்தானே? ஒவ்வொரு தலைமுறையும் முந்தின கருவியைத்தான் புனிதம் என்று நினைக்கிறது.

சந்திப்பு நாளில் பதிவு மேஜைப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பெயர், நம்பர், வீட்டில் இன்னொருவர் நம்பர், தபால் விலாசம், நான்கையும் உங்கள் கையால் எழுதிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போங்கள். தொடர்பு விட்டுப்போன நண்பர் யாருடைய விலாசமாவது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அவருக்கு நான் கார்டு போடுகிறேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!